கழுத்து வலி என்றாய்

புதன்கிழமை காலை அறைக்குள் நுழைந்தபோது என் மேசையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த தாள் ஸ்டாண்டு. சாய்வாக நிற்கிறது. தாள் நழுவாமலிருக்கக் கீழே ஒரு விளிம்பு, எந்த வரியில் இருக்கிறோம் என்று காட்ட மேலும் கீழும் நகரும் ஒரு பட்டை. முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று வாங்கியிருக்கிறார். “ஆசாரி செஞ்சதவிட லேசா இருக்கும் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சு வச்சதுதானே,” என்றார். ரெண்டு பேரும் என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்டாண்டைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பத்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு நம்ப முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, எண்களை அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, அப்படியே விசைப்பலகை மீது சாய்ந்து போவாள் என்றால் எப்படி நம்புவது? திரையில் நீ அடித்த கடைசி வரியில் ஒரே எண் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. உன் கை அந்தப் பொத்தானின் மேல் கிடந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அதற்கு முன்னால் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் என்னை என்ன செய்வாரோ என்று பத்து மாதமாகப் பயந்த விஷயம் அது. என்ன நடந்தது என்று உனக்கும் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வாய் அதிகம், நடுவில் எங்காவது போய்விடுவேன். நீ இருந்தால் “விஷயத்துக்கு வாடி” என்பாய். வருகிறேன், ஆனால் அந்த அறையிலிருந்துதான் தொடங்க முடியும். நீடாமங்கலத்தில் உரக்கடைக்கு மேலே, ரயில்வே கேட் பார்த்த அந்த அறை. கிராமங்களின் பழைய நிலப் பதிவேடுகளை நகலெடுத்துக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள், நாம் அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், எந்த வாய்க்கால் பாசனம். கிராமக் கணக்கு பார்த்த யாரோ ஒரு கர்ணம் எந்தக் காலத்திலோ கோழி கிளறியதுபோல் எழுதி வைத்தது, நகலில் பாதி மங்கியிருக்கும். நீ கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாய். தாமதமாக வந்தால் “கேட்டு போட்டுட்டான்” என்பது உன் ஒரே காரணம். உன் பஸ் கேட்டைத் தாண்டவே வேண்டாமே, பிறகு எதற்கு அதைச் சொல்கிறாய் என்று நான் ஒருமுறை சண்டைக்கு வந்தேன். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய்.

முதல் ஆறு மாதம் அந்த நீளத் தாள்களை மேசையில் படுக்க வைத்துத்தான் அடித்தோம். இடது கை விரல் வரிமேல், வலது கை எண்கள் மேல், தலை கீழே குனியும், திரைக்கு நிமிரும், திரும்பக் குனியும். சாயங்காலம் ஐந்து பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவோம். கீழே உரக்கடைக்காரர், “என்ன, மேல டைப் அடிக்கிறீங்களா, மூட்ட தூக்குறீங்களா?” என்பார். வசந்தாக்கா தைலம் தடவாமல் ஒருநாளும் வேலையைத் தொடங்கியதில்லை. அறையே தைல வாசனையும் ஜெராக்ஸ் மை வாசனையுமாக இருக்கும்.

ஒருநாள் நீ ஒரு பலகையோடு வந்தாய். உங்கள் வீட்டில் குர்ஆன் வைத்து ஓதும் ரிஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியதாம். அது மடியாமல், ஒரே பக்கமாக, பெரிய தாளுக்குத் தகுந்தாற்போல் வேண்டும் என்று உங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தாய். பலகைக்கு மேலே துணி மாட்டும் கிளிப் இரண்டு, வரி பார்க்க ஒரு அடிக்கோல். “நாம ஏன் அதுக்குக் குனியணும்? அது நமக்கு நிமிரட்டுமே,” என்றாய். முதலாளிகூட எழுந்து வந்து பார்த்தார், அதே ஆசாரியிடம் எல்லோருக்கும் ஒவ்வொன்று செய்யச் சொன்னார்.

பலகை உன்னுடையது. ஆனால் அதற்குப் பிறகு ஆடியது முழுக்க நான்தான். கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். தாள் திரைக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், திரை எவ்வளவு தூரமோ தாளும் அவ்வளவு தூரம், திரை எவ்வளவு உயரமோ தாளும் அவ்வளவு உயரம், ஜன்னல் வெளிச்சம் தாளில் பளீரென்று விழக்கூடாது. ஸ்டாண்டை ஒரே பக்கம் வைத்துக்கொண்டே இருந்தால் கழுத்து அந்தப் பக்கமே திரும்பி இறுகிவிடும். அதனால் ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம். திங்கட்கிழமை வந்ததும் நான் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பக்கம் மாற்றி வைப்பேன். வசந்தாக்காவின் தோள்வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. தைல டப்பாவை அவர் வீட்டுக்கு எடுத்துப் போன அன்று நீங்கள் எல்லோரும் எனக்குக் ‘கழுத்து டாக்டர்’ என்று பெயர் வைத்தீர்கள். கேலிக்குத்தான் வைத்தீர்கள், நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். யார் எங்கே வலி என்றாலும் நான் நாற்காலியைப் பார்ப்பேன், தாளைப் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கேட் அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. நீ நேரத்துக்கு வந்துவிட்டாய். உட்கார்ந்ததும், “கழுத்து வலிக்குதுடி. இந்தப் பக்கம், தோள்பட்டை வரைக்கும் இழுக்குது,” என்றாய். இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாய். நான் உன் மேசையைப் பார்த்தேன். ஸ்டாண்டு இடப்பக்கம் இருந்தது. முந்தின வாரம் இடப்பக்கம் வைத்தது, அந்த வாரத் திங்கட்கிழமை நான் லீவு, யாரும் மாற்றவில்லை. இரண்டாவது வாரமாக நீ ஒரே பக்கம் திரும்பி அடித்துக்கொண்டிருந்தாய். எனக்கு விடை கிடைத்துவிட்டது. “பாத்தியா, நான் ஒரு நாளு இல்லன்னா யாருக்கும் அறிவு வேல செய்யாது,” என்றேன். நீ சிரித்தாய்.

“கையும் மரத்த மாதிரி இருக்குடி.”

“கழுத்து நரம்பு இறுகினா கை மரக்கும். படிச்சிருக்கேன்.”

உனக்கு வேர்த்திருந்தது. எனக்கும்தான் வேர்த்திருந்தது. தாள் பறக்கும் என்று அந்த அறையில் நாம் மின்விசிறி போடுவதில்லையே. குமட்டுகிறது என்றாய். புதுக் கட்டு அன்று காலைதான் வந்திருந்தது, ஜெராக்ஸ் மை வாசனை எனக்கே தலையைச் சுற்றியது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் அந்த அறையிலேயே ஒரு காரணம் இருந்தது. நான்கையும் சேர்த்து வெளியாள் யாரிடமாவது சொல்லியிருந்தால், படிக்காதவர்கள்கூட ஆட்டோ கூப்பிட்டிருப்பார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை எழுப்பி நிற்க வைத்தேன். ஸ்டாண்டைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன். உயரம் போதவில்லை என்று அதற்கு அடியில் இரண்டு வெள்ளைத்தாள் கட்டு வைத்தேன். நாற்காலியை இழுத்து, முதுகுக்கு என் துப்பட்டாவைச் சுருட்டிக் கொடுத்து, “பத்து நிமிஷம் இப்பிடி அடிச்சுப் பாரு, அப்பறம் சொல்லு,” என்றேன். என் இடத்துக்குப் போய் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலேயே கேட்டேன்.

“எப்பிடி இருக்கு?”

“இப்ப தேவலாம்டி,” என்றாய்.

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. எனக்காகச் சொன்னாயோ, நிஜமாகவே ஒரு நிமிடம் விட்டிருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆமாம், பெருமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தபோது வசந்தாக்காவும் முதலாளியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். “எப்ப வலி ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். மாரடைப்பு என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன். என் காதில் அது நுழையவே இல்லை, உன் கழுத்துக்கு மாரடைப்பு எப்படி வரும் என்று மடத்தனமாக நினைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி, “திடீர்னு விழுந்துட்டாங்க சார், முன்னாடி ஒண்ணும் இல்ல,” என்றார். அவர் அந்த நேரத்தில் கீழே உரக்கடையில் இருந்தார், வசந்தாக்கா அன்றைக்குத் தாமதமாக வந்தவர், மற்ற இருவரும் லீவு. நீ சொன்னது என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும், அன்றைக்குப் பார்த்து அது மூடிக்கொண்டது.

உனக்காக ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உம்மா ஆள் விட்டு என்னை அழைத்தார். போகாமல் இருக்க முடியவில்லை. எனக்குத் தானே பரிமாறினார். சுற்றியிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, “கடைசி வரைக்கும் எம் மவ பக்கத்துல இருந்த புள்ள,” என்றார். நெய்ச்சோற்றைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன். பஸ் ஸ்டாண்டு வந்து வாந்தி எடுத்தேன்.

அதன் பிறகு நான் ஸ்டாண்டைத் தொடவில்லை. என்னுடையதைக் கொண்டுபோய் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். பழையபடி தாளை மேசையில் படுக்க வைத்து, குனிந்து, நிமிர்ந்து, குனிந்து. திங்கட்கிழமைகளில் யார் மேசைக்கும் போவதில்லை. வசந்தாக்கா, “என்னம்மா டாக்டர், நீயே இப்பிடி அடிக்கிற?” என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன். கழுத்து வலிக்க ஆரம்பித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து ‘நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சு வச்சது’ என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு கூத்தாநல்லூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நாற்று விட்ட வயல், தண்ணீர் வந்து பத்து நாள் இருக்கும். எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உம்மா முன்னறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “வா, வா. என்ன இப்பிடி இளைச்சுப் போயிட்ட?” என்றார். நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நின்றபடியே சொன்னேன். கழுத்து, தோள்பட்டை, மரத்த கை, வேர்வை, குமட்டல், நான் ஸ்டாண்டை மாற்றி வைத்தது, நீ வலி என்றதிலிருந்து சாயும்வரை நான் சும்மா விட்ட நாற்பது நிமிடம், எல்லாம். “நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பா உம்மா,” என்றேன்.

அவர் கை கீரையிலேயே இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அன்னிக்குக் காலைல வலிக்குதுன்னா சொன்னா?” என்றார்.

“ஆமா உம்மா. வந்து உக்காந்ததுமே சொன்னா.”

“எங்கிட்ட இல்லன்னாளே.” அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. “மொத நாளு ராத்திரி பொரண்டு பொரண்டு படுத்தா. எண்ண போட்டு நீவி விட்டேன், வாயுக்குத்துதான்னு சுக்குத் தண்ணி வச்சுக் குடுத்தேன். காலைல வேலைக்குப் போவாத, டாக்டர்ட்ட போவோம்னேன். சுத்தமா விட்டுருச்சு உம்மா, ஒண்ணுமே இல்லன்னு என் தல மேல கை வச்சு சொல்லிட்டுப் போனா. நான் நம்பிட்டேன்.”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரியிலிருந்தே வலியா? அதை நீ என்னிடமும் சொல்லவில்லையே. உம்மாவிடம் வலி விட்டுவிட்டது என்றாய், என்னிடம் அன்று காலை வலியை மட்டும் சொன்னாய். அவர் எண்ணெய் போட்டார், நான் தாளை நகர்த்தினேன். பத்து மாதமாக நான் ஒருத்திதான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன், அந்தக் கிழவி என்னைவிட ஒரு ராத்திரி கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அழக்கூட வரவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாகச் சொன்னாயே, ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

திடீரென்று உம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

“நீ ஏன் தலையச் சாச்சே உக்காந்திருக்க? கழுத்து வலிக்குதா?”

“அதெல்லாம் இல்ல உம்மா,” என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. உம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“நெசத்தச் சொல்லு.”

“வலிக்குது.”

“எவ்வளவு நாளா?”

“மூணு மாசமா. ராத்திரில கையும் லேசா மரக்கும். இது ஒண்ணுமில்ல உம்மா, பேப்பரக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறதால வர்ற வலி, எனக்குத் தெரியும்.”

கீரையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினார், பெரிய பூட்டை எடுத்தார். “எந்திரி,” என்றார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை. முட்டிவலிக்காரி, பள்ளிவாசலைத் தாண்டி எங்கும் போகாதவர், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டரிடம் அவரே சீட்டு வாங்கினார். இறங்கும்வரை என் கையை விடவில்லை. பிடித்த இடம் சிவந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எனக்கு இசிஜி எடுத்தார்கள். மார்பிலும் கையிலும் காலிலும் அந்தக் கம்பிகளை ஒட்டியபோது உன்னை நினைத்தேன். ஐந்து நிமிட வேலை இது. இவ்வளவு சின்ன வேலை என்று எனக்குத் தெரியவே தெரியாது. படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. எடுத்த பெண் வலிக்கிறதா என்று கேட்டாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். “ஹார்ட் நல்லாருக்கு. என்ன வேல பாக்குறீங்க?” என்றார். சொன்னேன். “பேப்பர டேபிள்ல படுக்க வச்சுப் பாத்து அடிப்பீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அதான். கழுத்துத் தசைதான் இறுகியிருக்கு. கம்ப்யூட்டர் பக்கத்துலயே ஒரு ஸ்டாண்டு வச்சு, பேப்பர நிமித்திப் பாருங்க. பக்கத்த மாத்தி மாத்தி வையுங்க. சரியாயிடும்.”

நான் உனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். கொஞ்சமும் மாறவில்லை. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. டாக்டரம்மா பயந்துபோய்ப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்று உம்மா கேட்டார்.

“அவ்வளவுதாம்மா. பயப்படாதீங்க. உங்க பொண்ணா?”

உம்மா அந்த இசிஜி தாளைக் கையில் வாங்கி, ஏறி இறங்கும் கோடுகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அழுதார். வாயில் துப்பட்டியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல். பத்து மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பிறகு தாளை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “இது எங்கிட்ட இருக்கட்டும். அவளுக்கு ஒண்ணு எடுத்திருக்கணும், எடுக்கல,” என்றார். என் பெயர் போட்ட தாளை நான் திருப்பிக் கேட்கவில்லை.

கூத்தாநல்லூரில் இறக்கிவிட்டு நான் கிளம்பும்போது, “தெனம் ஒரு போனு பண்ணு. வலிச்சாலும் பண்ணு, வலிக்காட்டியும் பண்ணு. ஆனா எங்கிட்ட மறைக்காத,” என்றார். ஞாயிற்றுக்கிழமை பண்ணினேன். இன்றும் வேலைக்குக் கிளம்பும் முன் பண்ணினேன். எடுத்ததும் நலமா என்றுகூடக் கேட்கவில்லை, வலி எப்படியிருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “இன்னும் வலிக்குது உம்மா. நேத்தவிட கொஞ்சம் கூடத்தான்,” என்றேன்.

“சரி,” என்றார். “சொன்னியே.”